லூக்கா திருநாளுக்கு வந்த இரண்டு அந்நியர்கள்

ராத்மிலாவை எங்கள் ஸ்மெதெரெவோ ஊர்க்காரர்கள் மனசு டாக்டர் என்பார்கள். அவள் டாக்டரும் இல்லை, மருந்துச் சீட்டு எழுதுகிறவளும் இல்லை. துப்பாக்கி சுடுகிறவன், துடுப்புப் போடுகிறவன், மேடையேறிப் பியானோ வாசிக்கப் போகிற பெண் என்று, நாலு பேர் பார்க்க ஒரு காரியத்தைச் செய்துகாட்ட வேண்டியவர்களை உட்காரவைத்துப் பேசுவாள். வீட்டில் வருகிற திறமை அரங்கத்திலும் வரும்படி பழக்குவாள். அதற்கென்றே படித்தவள். வீட்டின் பின்னறையில் இரண்டு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு முப்பது வருஷமாக இதைச் செய்துவந்தாள்.

அவள் தொழிலில் ஒரு விதி உண்டு. வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்: “தெருவுல பார்த்தா நான் முதல்ல பேச மாட்டேன். நீங்க பேசினா பேசுவேன். பேசலைன்னாலும் மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன்.” அவளாகக் கண்டுபிடித்த விதி இல்லை, இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் உள்ளதுதான். பெரிய நகரத்தில் அது யாரையும் வாட்டாது. எங்கள் ஊர் கதை வேறு. மனசு டாக்டரிடம் போனவன் என்று தெரிந்தால் போதும், அவன் காப்பிக்கடைக்குள் நுழையும்போதே நெற்றிப்பொட்டில் விரலை வைத்துத் திருகிக் காட்டுகிற ஜனங்கள் நாங்கள். ஆகவே ஒருத்தரும் அவளோடு பேச மாட்டார்கள். பின்வாசல் வழியாக வந்து அவள் எதிரே உட்கார்ந்து கண்ணீர் விட்டவர்கள், சந்தையில் அவளைப் பார்த்ததும் வெங்காயத்தை அப்படிக் கவனமாகப் பொறுக்குவார்கள். ஆயுசில் வெங்காயமே பார்க்காதவர்களா என்று கேட்கத் தோன்றும்.

கழுத்தில் பதக்கத்தோடு ரயிலிலிருந்து இறங்கியவர்கள் எத்தனையோ பேர். வாத்தியம், மாலை, ஊர் முழுக்கச் சத்தம். ராத்மிலா கூட்டத்தில் ஓரமாக நின்று கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சூப்பைச் சூடு பண்ணுவாள். யார் யார் தன்னிடம் வந்தார்கள் என்று கட்டின புருஷனிடம்கூட அவள் மூச்சு விட்டதில்லை. ஸ்ரெத்தென் ஏழு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனான். ஒரு பேர்கூடத் தெரியாமலேதான் போனான்.

அவன் இருந்தவரை வீட்டில் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. குறிப்பாக லூக்கா திருநாள் அன்றைக்கு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டல்லவா, ஸ்ரெத்தென் குடும்பத்துக்கு லூக்கா. யார் வீட்டுக்கு எந்தப் புனிதர் என்று ஊருக்கே தெரியும். அக்டோபர் கடைசி நாள். திருநாளுக்கு யாரையும் அழைக்கக் கூடாது. அழைத்தால் அது திருநாளே இல்லை. நினைவு வைத்திருக்கிறவன் தானாக வருவான். வீட்டுக்காரர் சமைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கதவைப் பூட்டாமல் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வழக்கம். ஸ்ரெத்தெனுடைய கூட்டாளிகள் அவன் போன பிறகும் இரண்டு வருஷம் வந்தார்கள். அப்புறம் ஒருவருக்கு முழங்கால், ஒருவர் மகளோடு வேற்றூர், இரண்டு பேர் செத்தே போனார்கள். போன வருஷம் ஈ காக்கை வரவில்லை. செய்துவைத்த சர்மா, அதுதான் முட்டைக்கோஸ் இலையில் கறியும் அரிசியும் சுருட்டி வேகவைப்பது, எழுபது உருண்டை. கிறிஸ்துமஸ்வரை ஒற்றையாளாகத் தின்று தீர்த்தாள்.

அதை மகன் ரெல்யாவிடம் வாய்தவறிச் சொன்னதுதான் வினையாயிற்று. ரெல்யா ஆஸ்திரியாவில், லின்ஸில் இருக்கிறான். நல்ல பிள்ளை, அம்மா மேல் உயிர், அதனாலேயே தொல்லை.

“எழுபது சர்மாவைத் தனியா தின்னியா? அம்மா, உனக்கே இது அசிங்கமா இல்ல? இங்க வந்துடு. ரூம் சும்மா கிடக்கு.”

“எனக்கு இங்க வேலை இருக்குடா.”

“வேலை! உன்கிட்ட வர்றவங்க உன்னைத் தெருவுல பார்த்தா ஓடுறாங்க. அந்த ஊர்ல உன்னைத் தெரியும்னு சொல்ல ஒரு ஆள் இருக்கா?”

சுருக்கென்று தைத்தது. கோபத்தில் அவளும் வார்த்தையை விட்டாள். “இருக்காங்கடா. அடுத்த திருநாளுக்குப் பாரு. ஒருத்தராவது வருவாங்க.”

“வரலைன்னா?”

“வரலைன்னா வீட்டை வித்துட்டு உன்கூட வந்துடறேன், போ!”

“வாக்கு?”

“வாக்கு.”

ரெல்யா இந்த மாதிரி விஷயத்தை மறக்கிறவன் அல்ல. வருஷம் பூராவும் போனில் நடு நடுவே நினைவுபடுத்திக்கொண்டே இருந்தான். அவளுக்கோ லின்ஸ் என்ற பேச்சே கசந்தது. அங்கே போனால் அவள் யாருக்கு என்ன பழக்கிக் கொடுப்பாள்? ஜெர்மன் பேசுகிற பேரனுக்கு ஷூ கயிறு கட்டிவிடலாம். பின்னறையும் போய், அங்கே வந்து உட்காருகிறவர்களும் போனால் ராத்மிலா என்கிற ஆள் பாக்கி இருக்க மாட்டாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்த வருஷம் பின்னறைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் நாலு பேர். அதில் செவ்வாய்க்கிழமை வருகிறவள் நெவெனா. இருபத்து நாலு வயசு, கைத்துப்பாக்கி சுடுகிறவள். பத்து மீட்டர் தூரத்தில் இருக்கிற கறுப்புப் பொட்டை, காலையில் தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்றாலும் தப்பாமல் அடிக்கிற கை. ஆனால் இறுதிச் சுற்றில், கடைசிக் குண்டில் மட்டும் ஒவ்வொரு தடவையும் கோட்டைவிடுவாள். ராத்மிலா அவளுக்கு மூன்று வேலைகளைச் சொல்லிக்கொடுத்திருந்தாள்: பாதம், மூச்சு, விரல். பாதம் தரையில் பதிந்ததா என்று பார், மூச்சைப் பாதியில் நிறுத்து, விரலை மெல்ல இழு. நாலாவதாக ஒரு வேலையும் கிடையாது. ‘நடுங்கக் கூடாது’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டால் கை அந்த ‘நடுங்கு’ என்பதை மட்டும்தான் கேட்கும் என்பாள். கவலைப்படுவதற்கென்று சாயங்காலம் ஐந்திலிருந்து ஐந்தேகால்வரை நேரம் ஒதுக்கிக் கொடுத்திருந்தாள். மற்ற நேரத்தில் கவலை வந்தால், ஐந்து மணிக்கு வா என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும். எல்லாம் பலித்தது. கடைசிக் குண்டு மட்டும் பலிக்கவில்லை.

“கடைசிக் குண்டுக்கு முன்னாடி திரும்பிப் பார்ப்பேன் டாக்டரம்மா. கோச் நாற்காலி காலியா இருக்கும். நான் தோக்கறதைப் பார்க்கப் பிடிக்காம எழுந்து போயிடுவாரு. என் மேல அவ்வளவுதான் நம்பிக்கை” என்று நெவெனா ஒருநாள் அழுதாள்.

அந்தக் கோச் ஜிவ்கோ. ஐம்பத்தாறு வயசு, இரும்புக் குரல். மனசு கினசு என்று எவனாவது பேச்செடுத்தால், “மனசா? என் கிளப்புல தோள் இருக்கு, மணிக்கட்டு இருக்கு, கண்ணு இருக்கு. மனசு வேணும்னா பாதிரியார்கிட்ட போ!” என்று துரத்துகிற ஆள். அந்த ஜிவ்கோதான் வியாழக்கிழமைதோறும், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாக ராத்மிலாவிடம் வந்துகொண்டிருந்தான்! இளவயசில் அவனே ஒரு கடைசிக் குண்டைத் தவறவிட்டவன். இப்போது தன் பெண் கடைசிக் குண்டுக்குத் துப்பாக்கியைத் தூக்கினால் அவன் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். தன் பயம் ஜலதோஷம் மாதிரி அவளுக்கும் ஒட்டிவிடும் என்று வெளியே ஓடிப்போய் சிகரெட் பற்றவைப்பான்.

“ஒரே ஒரு குண்டு நேரம் உட்கார்ந்து பாருங்க” என்று ராத்மிலா எத்தனையோ விதமாகப் பழக்கினாள். கடைசி நொடியில் கால் தானாக எழுந்துவிடும்.

தொழில் முறைப்படி இரண்டு பேரையும் அவள் சேர்த்து எடுத்திருக்கக் கூடாது. ஆனால் ஜிவ்கோ பிறகு வந்தவன். முடியாது என்றால் ஏன் என்று கேட்பான், எந்தக் காரணத்தைச் சொன்னாலும் நெவெனாவைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அதனால் எடுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை அவள் அழுவதையும் வியாழக்கிழமை இவன் பயப்படுவதையும் கேட்டுக்கொண்டு, இரண்டும் ஒரே முடிச்சு என்று தெரிந்தும், வாயைத் திறக்க முடியாமல் ஒன்றரை வருஷம் உட்கார்ந்திருந்தாள். படுத்தால் தூக்கம் வராது. யாரிடம் சொல்வாள்?

லூக்கா திருநாள் அந்தத் தடவை சனிக்கிழமை வந்தது. காலையில் பாதிரியார் வந்து ரொட்டியை ஆசீர்வதித்தார். அவருக்கு இன்னும் முப்பது வீடு பாக்கி. ஒரு மிடறு காப்பியோடு ஓடிவிட்டார். பாதிரியார் கணக்கில் சேர மாட்டார் என்று ரெல்யா முன்னாலேயே சொல்லியிருந்தான், பாவி. ராத்மிலா நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு, மெழுகுவர்த்தியை ஏற்றி, மேஜையில் எட்டுத் தட்டு வைத்தாள். அப்புறம் ஆறாகக் குறைத்தாள். மத்தியானம் ஆனது. ஒரு மணி, இரண்டு மணி. எதிர்வீட்டில் விருந்தாளிகளின் சிரிப்பு தெருவரைக்கும் கேட்டது. திருநாள் முடிகிறவரை வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. யாருக்காக நிற்கிறேன் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தும் அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள்.

மூன்று மணி சுமாருக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது நெஞ்சு திக்கென்றது. தெருமுனையிலிருந்து நெவெனா வந்துகொண்டிருந்தாள். கையில் காகிதம் சுற்றிய ஒயின் பாட்டில். பின்சந்து வழியாக அல்ல, முன்தெருவில், தலை நிமிர்ந்து! ராத்மிலாவின் கண் கலங்கிவிட்டது. கதவைத் திறக்க இரண்டு அடி எடுத்து வைத்தவள் அப்படியே நின்றாள். தெருவின் அந்தக் கோடியிலிருந்து, டை கட்டிக்கொண்டு, ஒரு கையில் காப்பிப்பொடி, ஒரு கையில் சாக்லேட் பெட்டியோடு ஜிவ்கோ வந்துகொண்டிருந்தான்.

இரண்டு பேரும் சரியாக அவள் வாசலுக்கு முன்னால் சந்தித்துக்கொண்டார்கள். முகத்தில் ஈயாடவில்லை.

“நீ எங்க இந்தப் பக்கம்?” என்றான் ஜிவ்கோ.

“ஃப்ரெண்ட் வீட்டுக்கு, கோச்.”

“எந்த வீடு?”

“அது... அங்க, அந்தக் கடைசில. நீங்க?”

“நான் சும்மா நடக்க வந்தேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு.”

“டை கட்டிக்கிட்டா?”

“ஏன், டை கட்டினா கால் நடக்காதா? உன் வேலையைப் பார்த்துக்கிட்டுப் போ.”

“போறேன். நீங்க முதல்ல போங்க.”

“நீ போ.”

ஒருவரும் நகரவில்லை. ஜன்னல் திறந்திருந்ததால் ஒவ்வொரு வார்த்தையும் ராத்மிலாவுக்குக் கேட்டது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். அந்தச் சிரிப்பும் அழுகையுமான நிலையில் என்ன செய்வது? பேர் சொல்லிக் கூப்பிட்டால் இந்தப் பெண் மாட்டிக்கொள்வாள், இல்லாவிட்டால் அந்த மனுஷன் மாட்டிக்கொள்வான். பேசாமல் திரையை இழுத்துவிட்டால் இரண்டு ரகசியமும் பிழைக்கும்; திருநாள் செத்துவிடும். அவள் கை திரைமேல்தான் இருந்தது. பிறகு என்ன தோன்றிற்றோ, கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்கினாள்.

“யாருங்க அது? வழி தப்பி வந்தீங்களா?” என்றாள், இருவரையும் இதற்கு முன் பார்த்தே அறியாதவள்போல.

இருவரும் திருதிருவென்று விழித்தார்கள்.

“இன்னைக்கு எங்க வீட்ல லூக்கா திருநாள். யாரா இருந்தாலும் சரி, வாசல்ல வந்து நின்னவங்களைச் சாப்பிடாம அனுப்புறதில்ல. உள்ள வாங்க. தெரியாதவங்க வந்தா வீட்டுக்கு நல்லதும்பாங்க.”

அப்படி ஒரு வழக்கம் எங்களிடம் உண்டுதான். வழிப்போக்கனைக் கூப்பிடலாம். நெவெனா அவளை ஒரு பார்வை பார்த்தாள், ஜிவ்கோவும் பார்த்தான். இரண்டு பேரும் ‘தப்பித்தேன்’ என்று மூச்சு விட்டது ஒரே நேரத்தில். தன்னைத் தப்பவைத்ததற்காக ராத்மிலாவுக்கு நன்றி சொல்கிற மாதிரி, கோச் காப்பிப்பொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொப்பியைக் கழற்றினான்.

“திருநாள் நல்லபடியா இருக்கட்டும் அக்கா. கூப்பிட்ட பிறகு போனா மரியாதை இல்ல. என்ன பொண்ணு, வர்றியா?”

“சரி கோச், இவ்வளவு சொல்றாங்களே.”

உள்ளே வந்து வேகவைத்த கோதுமையும் அக்ரூட்டும் கலந்த தட்டில் ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிளம் பழத்தில் வடித்த ரக்கியா சாராயம் ஒரு சின்னக் கிளாஸ் உள்ளே போனது. அதுவரை சரி. ஜிவ்கோ கை கழுவ எழுந்து, யாரையும் கேட்காமல் நடைவழியில் இரண்டாவது கதவை நோக்கி நேராக நடந்தான். பாதி வழியில் அவனுக்கே உறைத்து, திரும்பி, “அக்கா, பாத்ரூம் எங்கங்க?” என்றான். ராத்மிலா உதட்டைக் கடித்துக்கொண்டு வழி காட்டினாள். நெவெனா கோட்டைக் கழற்றி, கதவுக்குப் பின்னால் மறைந்திருந்த கொக்கியில் பார்க்காமலேயே மாட்டினாள். நல்லவேளை, கோச் அப்போது பாத்ரூமில் இருந்தான்.

“பேரு என்னம்மா?” என்று கேட்டாள் ராத்மிலா, சர்மாவைப் பரிமாறியபடி.

“நெவெனா.”

“என்ன பண்றே?”

“துப்பாக்கி சுடறேங்க. போட்டில.”

ஒன்றரை வருஷத்துக்கு மேலாகத் தன்னிடம் மனசைத் திறந்துகாட்டுகிற பெண்ணிடம் பேரைக் கேட்டு நிற்கிறோமே என்று அவளுக்கு இருந்தது. ஆனால் அடுத்த தட்டை எடுத்து ஜிவ்கோவிடம் நீட்டினாள். அவனுக்கு ரக்கியா கொஞ்சம் வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

“அக்கா, இந்தப் பொண்ணு இருக்காளே, இவ கை மாதிரி கை இந்த நாட்டுலயே இல்ல. முப்பது வருஷத்துல நான் பார்த்ததில்ல.”

நெவெனா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “என்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லையே?”

“உன்கிட்ட சொன்னா தலைக்கனம் ஏறும். இவங்க மூணாம் மனுஷி, இவங்ககிட்ட சொல்லலாம்.”

மூணாம் மனுஷி. அந்த வார்த்தையில்தான் ராத்மிலாவுக்குத் துணிச்சல் வந்தது. மனசு டாக்டர் கேட்கக் கூடாததை, ஒன்றும் தெரியாத ஒரு வீட்டுக்காரி கேட்கலாம் அல்லவா? தப்புதான், பாதித் திருட்டு. அவள் தட்டைக் கையில் பிடித்தபடி, சாதாரணமாகக் கேட்டாள்.

“இவ்வளவு நல்லா சுடுவான்னா பார்க்க ஆசையா இருக்கும். அவ சுடறப்போ நீங்க எங்க உட்காருவீங்க?”

ஜிவ்கோ தட்டிலிருந்த சர்மாவைத் துண்டுபோடத் தொடங்கினான்.

“உட்கார மாட்டாரு,” என்றாள் நெவெனா. குரல் தாழ்ந்திருந்தது. “கடைசிக் குண்டுக்கு எழுந்து போயிடுவாரு. நாற்காலி காலியா இருக்கும். நான் தோத்துடுவேன்னு அவருக்கு முன்னாடியே தெரியும்.”

“யாரு? நானா? அடிப்பாவி!” ஜிவ்கோ எழுந்தே விட்டான். “அப்படியா நினைச்சிருந்தே? எனக்கு... எனக்குப் பயம்டீ! உன் கை நடுங்காது, என் கைதான் நடுங்குது. வெளிய போய் சிகரெட்டைப் பத்தவைக்க முடியாம நாலு குச்சி வீணாக்குவேன். உன் மேல நம்பிக்கை இல்லாம இல்ல. என்னால தாங்க முடியல. அவ்வளவுதான்.”

நெவெனா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ராத்மிலா இன்னும் சர்மா கொண்டுவருவதாகச் சொல்லி அடுப்படிக்குள் போனாள். அங்கே சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதாள். ஒன்றரை வருஷச் சுமை இறங்கிய சந்தோஷம் பாதி. அந்தச் சந்தோஷத்தில் தனக்குப் பங்கு இருப்பதாக அந்த மேஜையில் ஒருவருக்கும் தெரியக் கூடாதே என்ற துக்கம் பாதி.

அவள் திரும்பி வந்தபோது இருவரும் வாய்ச்சண்டையில் இருந்தார்கள்.

“அப்ப இனிமே உட்காருவீங்களா?”

“கண்ணை மூடிக்கிட்டு உட்காருவேன்.”

“கண்ணைத் திறந்துகிட்டு.”

“ஒரு கண்ணு.”

அது போதும், நெவெனா சிரித்துவிட்டாள். இருட்டுகிற நேரத்தில் கிளம்பினார்கள். ஒயினும் காப்பிப்பொடியும் சாக்லேட்டும் மேஜையில் இருந்தன. தோழி வீட்டுக்குப் போக வேண்டிய பாட்டில் ஏன் இங்கே தங்கியது, நடக்க வந்தவன் கையில் ஏன் சாக்லேட் இருந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கக் கூடாது என்று இரண்டு பேருக்கும் அவரவர் காரணம் இருந்தது.

படியில் நின்று ஜிவ்கோ, “ரொம்ப நன்றி அக்கா. இனிமே சந்தையில பார்த்தா தைரியமா பேசலாம், என்ன? தெரிஞ்சவங்க ஆயிட்டோமே” என்றான்.

“கண்டிப்பா பேசுவோம்,” என்று நெவெனா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். விட மனசில்லாமல் பிடித்திருந்தாள். கோச் கூப்பிட்டதும் விட்டுவிட்டாள். இருவரும் பேசிக்கொண்டே தெருவில் இறங்கிப் போனார்கள். ராத்மிலா அவர்கள் முனை திரும்புகிறவரை வாசலிலேயே நின்றாள்.

ஏழு மணிக்கு ரெல்யா கூப்பிட்டான்.

“அம்மா, திருநாள் வாழ்த்து. என்ன, யாராவது வந்தாங்களா?”

“ரெண்டு பேர் வந்தாங்க.”

“அட! யாரு?”

வந்தவர்கள் பேரைச் சொன்னால் பந்தயத்தில் அவன் தோற்றான். லின்ஸும் இல்லை, வீடு விற்கிற பேச்சும் இல்லை. ஆனால் ரெல்யாவின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் பாதிப் பேர் அந்தக் கிளப்பில்தான் இருக்கிறார்கள். நேற்றுகூட ஒருவனோடு போனில் பேசினானாம். ஜிவ்கோ டை கட்டிக்கொண்டு அம்மாவைப் பார்க்க வந்தான் என்று இங்கே சொன்னால், திங்கள்கிழமை காலை கிளப்பில் நெற்றிப்பொட்டில் விரல் திருகும். அந்தப் பெண்ணுக்கும் அதேதான். வசந்தத்தில் அவளுக்குப் பெரிய போட்டி இருந்தது. புருஷனுக்கே சொல்லாத வாய் இது.

“வழியில போனவங்கடா. நான்தான் கூப்பிட்டு உட்காரவச்சேன்.”

“தெருவுல போறவங்களையா? அம்மா...” அவன் குரல் தணிந்துவிட்டது. கேலி செய்வான் என்று நினைத்திருந்தாள். அதைவிட இது மோசமாக இருந்தது. “பேராவது தெரியுமா?”

“கேக்கலடா.”

“அப்ப தெரிஞ்சவங்க யாரும் வரல.”

“வரல.”

“ஒருத்தர்கூட?”

“ஒருத்தர்கூட வரலடா,” என்றாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. பாதம், மூச்சு எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

ரெல்யா, வாக்கைப் பற்றி அவளிடம் வற்புறுத்துகிற மாதிரி இருக்கக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துப் பேசினான். ஈஸ்டர் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு வருவதாகவும், வீட்டுத் தரகர் ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றும் சொன்னான். அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். போனை வைத்துவிட்டு, காலையிலிருந்து முதல் தடவையாக மேஜையருகே உட்கார்ந்தாள். இரண்டு பேர் வயிறார உண்ட தட்டுகள் எதிரே கிடந்தன. ஸ்ரெத்தென் போன பிறகு இப்படி ஒரு திருநாள் இந்த வீட்டில் நடந்ததே இல்லை என்பதை அவள் யாரிடமாவது சொல்லத் துடித்தாள். சொல்வதற்கு ஒருத்தரும் இல்லாததால், அந்தத் தட்டுகளை எடுக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.